பச்சைக் குடம் வரவில்லை

விசிலை மூன்று முறை ஊதினேன். தாராவியில் எங்கள் சந்தின் முப்பத்து நான்கு வீட்டுக் கதவுகளும் பட்பட்டென்று திறந்தன.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தொப்பி, கக்கத்தில் ஃபைல், கழுத்தில் விசில். பக்கத்தில் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த கிருஷ்ணன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரிடர் பயிற்சி கொடுப்பவர் அவர். ஆபத்து வந்தால் ஜனங்கள் எத்தனை நிமிடத்தில் வெளியே வருவார்கள் என்று பார்ப்பதற்கான ஒத்திகை அது. இரண்டே நிமிடத்தில் சந்து நிறைந்துவிட்டது.

ஆனால் ஒருவர் கையிலும் குழந்தை இல்லை, ரேஷன் கார்டு இல்லை. எல்லார் கையிலும் குடம், கேன், பக்கெட். வந்த வேகத்தில் பொதுக்குழாயின் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். முதல் ஆளாக இரண்டு நீலக் கேனோடு நின்ற பேச்சி மதினி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்ன சிஸ்டர், இன்னைக்கு சீக்கிரமே தண்ணிய விட்டுட்டானா?"

கிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, எல்லாரும் குடத்தோட வர்றா?"

அப்போது மேலே மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி சரோஜா! அது என் விசிலு. ஒன்ன யாரு ஊதச் சொன்னா?"

சண்முகம் அண்ணாச்சி. பேச்சி மதினியின் கணவர்.

மஞ்சள் தொப்பி

போன வாரம் இந்தத் தொடரில், நான் செம்பூர் நர்ஸிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு காட்கோபரிலிருந்து ஒரு வாசகி, "ஊசி போடுகிறவர் எப்படிப் பேரிடர்க் குழுவுக்குப் போனீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எல்லாம் ஆசைதான் அம்மா, வேறென்ன.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தாராவியிலிருந்து சந்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் சந்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போகிற ஒரே ஆள் நான். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. என்னையே அனுப்பினார்கள்.

தீ வந்தால் என்ன செய்வது, தண்ணீர் ஏறினால் என்ன செய்வது, மயங்கி விழுந்தவரை எப்படித் தூக்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாள் ஆளுக்கொரு தொப்பி, டார்ச், மஞ்சள் கயிறு, விசில். அதையெல்லாம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர் என்னை எழுந்து நின்று பார்த்தார். கழற்ற மனம் வரவில்லை.

ஜன்னல் வேலை

எங்கள் சந்தில் விசில் என்றால் தண்ணீர். இது எனக்கு மறந்துபோனதுதான் வேடிக்கை. நானும் அதே சந்தில்தான் அத்தனை வருடமாகக் குடம் தூக்குகிறேன்.

முனிசிபாலிட்டியின் சாவிக்காரர் சந்து முனைக்கு வந்து, நீளமான இரும்புச் சாவியால் வால்வைத் திறந்துவிடுவார். அவர் வரும் நேரம் அவருக்கே தெரியாது. வந்தால் முக்கால் மணி நேரம் தண்ணீர். தவறவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு பொங்க யோசிக்க வேண்டும்.

அண்ணாச்சி தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஊறிய தோல் மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோவார். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மாடி அறைதான் அவருடைய உலகம். அந்த மாடிக்கு வெளியிலிருந்து செங்குத்தான இரும்பு ஏணி. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக, யாரும் பார்க்காதபடி விடியும் முன்பே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார்.

ஆனால் அவருடைய ஜன்னலிலிருந்து பார்த்தால் சந்து முனை தெரியும். சாவிக்காரரின் தலை தெரிந்ததும் ஒரு விசில். முதலில் மனைவிக்காக ஊதினார். பிறகு சந்தே அதைக் கேட்டு எழுந்திருக்கப் பழகியது. யாரும் கொடுக்காத வேலையை அவரே எடுத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் பார்த்தார்.

அந்த விசிலைத்தான் நான் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஊதித் தொலைத்தேன்.

சிவப்பு மையில் ஒரு பெயர்

அது போதாதென்று அடுத்த வாரம் இன்னொன்றும் செய்தேன்.

நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன பாடம். வீடு வீடாகப் போய்ப் பதினொரு பெயர் சேர்த்தேன். அதைச் சமர்த்தாக ஃபைலில் வைத்திருக்கலாம். எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஒரு பெரிய தாளில் எழுதிக் குழாயடிச் சுவரில் ஒட்டினேன். தலைப்பு: 'தூக்கிச் செல்ல வேண்டியவர்கள்.' சிவப்பு மார்க்கர் பேனா. முதல் வீடு என்பதால் முதல் பெயர் சண்முகம்.

அண்ணாச்சியிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கால் இல்லாததைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்களுக்காக ஒருத்தி தாளைச் சத்தமாகப் படித்தாள். கூட்டத்தில் ஒருவன், இறந்தவர்களுக்கு ஒட்டுகிற போஸ்டர் மாதிரி இருக்கிறது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். எல்லாம் நேராக ஜன்னலுக்குப் போயிற்று.

மறுநாள் சாவிக்காரர் வந்தார், தண்ணீர் வந்தது, போயிற்று. விசில் கேட்கவில்லை. பாதி வீட்டில் பானை காலி. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

சந்து முழுக்க என்னைத் திட்டியது. ஏணியில் ஏறிப் போனேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பேச்சி மதினி டீ வைத்தாள், அதுவும் ஆறிப்போயிற்று.

"நாப்பது வருசம் ஊரான் மூட்டையத் தூக்கினேன்," என்றார் கடைசியில். "இப்ப நான் மூட்டையா தாயி?"

"அப்படி இல்ல அண்ணாச்சி. நெருப்பு கிருப்பு வந்தா ஒங்கள எறக்கணும்லா?"

"எறங்க மாட்டேன். என் பேர எடுத்துரு. எடுத்தா விசிலு ஊதுதேன்."

தாளைக் கிழித்தேன். மறுநாள் விசில் கேட்டது. சந்து நிம்மதியாகக் குடம் தூக்கியது.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. பேரைக் கிழித்துவிட்டேன், ஏணியைக் கிழிக்க முடியுமா? எங்கேயாவது புகை வாசம் வந்தால் என் கண் அந்த ஜன்னலுக்குத்தான் போகும். இந்த மனிதரை யார் இறக்குவார்கள், அவர் இறங்கச் சம்மதிப்பாரா? அடுத்து நடந்த ஒத்திகைக்கும் அவர் வரவில்லை. கிருஷ்ணன் சாரிடம் சொன்னேன். "இஷ்டமில்லாதவாளை எப்படிம்மா தூக்கறது?" என்றார் அவரும்.

முதுகு

எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதைப்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

பம்பாயே முங்கிப்போன அந்தப் பெருமழை பலருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அப்போது எட்டு மாதம். வீட்டுக்காரர் டோம்பிவிலிப் பக்கம் வேலைக்குப் போனவர், ரயில் நின்றுபோய் எங்கேயோ மாட்டிக்கொண்டார். மதியம் கணுக்காலுக்கு இருந்த தண்ணீர், விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டிலைத் தொட்டது. நான் கட்டில் மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. மூட்டை தூக்குகிறவர்தானே என்று ஒரு திமிர். நான் நர்ஸ் அல்லவா.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"முதுகுல ஏறு தாயி."

ஏறினேன். வயிறு இடிக்காமல் இருக்க முதுகை வில்லாக வளைத்துக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் காலால் தரையைத் தடவித் தடவி, மூடியில்லாத சாக்கடை எங்கே என்று பார்த்துப் பார்த்துத் தொண்ணூறு அடி ரோடு என்கிற பெரிய சாலை வரைக்கும் நடந்தார். அவர் சட்டையில் பச்சைத் தோல் நாற்றம். மற்ற நாளில் மூக்கைப் பொத்துகிற நான், அன்றைக்கு அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேட்டில் இறக்கிவிட்டு, அடுத்த ஆளைத் தூக்கத் திரும்பிப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அந்தக் கால்தான் பின்னாளில் போயிற்று. அந்த ஆளைத்தான் நான் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

நேரங்கெட்ட நேரத்துத் தண்ணீர்

மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கம். எனக்கு அன்று விடுமுறை. மதியம் இரண்டு மணி இருக்கும், மீன் குழம்பைக் கொதிக்க வைத்திருந்தேன். விசில் கேட்டது.

நேரங்கெட்ட நேரத்தில் தண்ணீர் என்றால் கூடுதல் தண்ணீர். ஒருவரும் யோசிக்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தார்கள், குடத்தை எடுத்தார்கள், ஓடினார்கள். சந்தின் பேரிடர் ஒருங்கிணைப்பாளராகிய நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? இரண்டு கையிலும் பக்கெட்டோடு ஓடினேன்.

வெளியே வந்ததும்தான் நாற்றம் அடித்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். பின் சந்தில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற கிடங்கிலிருந்து கரும்புகை எழும்பி எங்கள் கூரைகள் மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

விசில் நிற்கவில்லை. அண்ணாச்சி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையைப் பள்ளிக்கூட மைதானத்தின் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கத்தினார்: "பள்ளிக்கூடத்துக்குப் போங்க! எதையும் எடுக்கத் திரும்பாதிய!"

கேனும் குடமுமாக ஜனம் மைதானத்துக்கு நகர்ந்தது. தள்ளுமுள்ளு இல்லை. தினமும் நிற்கிற வரிசையிலேயே போனார்கள். நான் மட்டும் ஏணி அடிக்கு ஓடினேன். பேச்சி மதினியும் நீலக் கேன்களைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எறங்குங்க! கயிறு கொண்டாரேன்!"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கண் கீழே போகிற குடங்கள் மேலேயே இருந்தது.

"பச்சைக் குடம் வரல," என்றார்.

"என்னது?"

"வாய் ஒடஞ்ச பச்சைக் குடம். கனி வீட்டுக் கொடம். எல்லாக் கொடமும் வந்துட்டு, அது மட்டும் வரலட்டி!"

கனி அக்கா அப்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு. அவள் மகள் வள்ளி டோம்பிவிலியிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து, பிள்ளை பிறந்து பத்தே நாள். என் ஃபைலில் அந்த வீட்டுக்கு நேராக, 'ஒருவர், நன்றாக நடப்பார்' என்று எழுதியிருந்தது. நான் எழுதிய பிறகு வந்தவள் வள்ளி.

ஓடினேன். கதவில் வெளிப்பூட்டு. பிள்ளை பெற்றவளைக் கண்டவர்களும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே அசைவே இல்லை. மூலைத் தோல்பைப் பட்டறையில் சுத்தியல் வாங்கி மூன்று அடி அடித்தேன். பூட்டு விட்டது.

உள்ளே புகை கூரையிலிருந்து தொங்கியது. வள்ளி தலையைச் சுற்றித் துண்டு கட்டி, பிள்ளையை அணைத்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. குளிர்காற்று ஏறிவிடக் கூடாதென்று அம்மா அடைத்த பஞ்சு. ஊரே கேட்ட விசில் அவளுக்குக் கேட்கவில்லை.

பிள்ளையை அள்ளிக்கொண்டு அவளை உலுக்கினேன். பஞ்சைப் பிடுங்கியதும் விசில் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தூக்கக் கலக்கத்தில், வாசலில் இருந்த பச்சைக் குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

குடம் சந்தில் தெரிந்த பிறகுதான் விசில் நின்றது.

மூட்டை இறக்கும் முறை

வள்ளியையும் பிள்ளையையும் மைதானத்துக்குப் போகிறவர்களோடு சேர்த்துவிட்டு, மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மேலே அண்ணாச்சிக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்துத் தையல் பட்டறையில் வேலை செய்கிற இரண்டு பீகார்ப் பையன்கள் ஏற்கெனவே மாடியில் நின்றார்கள். "தீதி, ரஸ்ஸி தோ," என்று கையை நீட்டினார்கள். கயிற்றை எறிந்தேன்.

நான் ஏணியின் உச்சிப் படிக்கு ஏறி, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

"முதுகுல ஏறுங்க அண்ணாச்சி."

மேலே இருமல் மட்டும்தான் கேட்டது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த வீம்பு பிடித்த மனிதர் என் கண் முன்னால் புகையில் முடியப் போகிறார் என்று பயந்தேன்.

"நீ தாங்க மாட்டட்டி," என்றார், மெதுவாக.

"நீங்க தாங்கினியள்லா?"

"நீ அப்ப ஒண்ணரை ஆளு." இருமலுக்கு நடுவில் சிரித்த மாதிரி இருந்தது. "சரி. ஒனக்கு மூட்டை எறக்கத் தெரியாது. நான் சொல்லுதேன், கேளு."

கயிற்றை அக்குளுக்குக் கீழே எப்படிச் சுற்றுவது, எங்கே முடிச்சு என்று அவரே சொன்னார். பையன்களிடம் இந்தியில், "இழுக்காதே, விட்டு விட்டுப் பிடி," என்றார். என்னிடம், "முதுக நிமித்தாத, கால அகட்டி வையி. அவசரப்படாத, மூட்டை எங்கயும் ஓடிராது," என்றார். ஒவ்வொரு படியாக இறங்கினோம். அவர் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. பேச்சி மதினி கீழே நின்று, திருச்செந்தூர் முருகனை ஓய்வில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தரைக்கு நாலு படி இருக்கும்போது என் வலது முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது, கழுத்தில் இருந்த கை ஒரு கணம் இறுகியது. அடுத்த படிக்குக் காலை வைத்தேன்.

தீ பின் சந்தோடு நின்றுவிட்டது. எங்கள் சுவர்கள் கறுத்ததோடு சரி. தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டில் நின்று குழாயை இழுத்து வந்து அணைத்தது. அலறியடித்து வந்த கனி அக்கா, பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வாங்கி வந்த பூவையெல்லாம் பேச்சி மதினியின் தலையில் வைத்தாள்.

மைதானத்து பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சத்தில், நாலு பேர் முன்னால், கால் இல்லாத லுங்கியோடு நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பட்டியலு இருக்கா?" என்றார்.

"கிழிச்சிட்டேன்லா அண்ணாச்சி."

"புதுசா எழுது. என் பேரும் போடு. ஆனா கடைசியில போடு. விசிலு ஊதுதவன் கடைசியாத்தான் எறங்கணும்."

எழுதினேன். ஃபைலில், நீல மையில். கிருஷ்ணன் சார் வந்து பார்த்துவிட்டு, அவரே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டார். 'குடத்தின் நிறம்.' இப்போது எங்கள் சந்தில் யாராவது புதுக் குடம் வாங்கினால் முதலில் ஜன்னலுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும்.

இந்த வருடப் பட்டியல்

மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் பட்டியலைத் திருத்துகிறோம். இந்தத் தடவையும் ஏணி அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து நான் பெயர் வாசித்தேன், மேலேயிருந்து அவர் சரி சொன்னார். முன்பெல்லாம் ஏறிப் போய் எழுதுவேன். இப்போது என்னால் ஏற முடிவதில்லை. செம்பூர் வேலையையும் முழங்காலுக்காகத்தான் விட்டேன்.

எல்லாம் வாசித்து முடித்து ஃபைலை மூடினேன்.

"ஒரு பேரு விட்டுட்ட," என்றார் ஜன்னலிலிருந்து.

"யாரு அண்ணாச்சி?"

"சரோஜா."

தூக்கிவாரிப் போட்டது. நான் மஞ்சள் தொப்பிக்காரி. பட்டியல் எழுதுகிறவள். என் பெயர் அதில் எப்படி வரும்? முகம் சூடானது. அன்றைக்கு ஜன்னலில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் நடந்துருவேன்," என்றேன்.

"நானும் அப்படித்தாம்ட்டி சொன்னேன். பேசாம எழுது."

ஃபைலைத் திறந்தேன். பேனா நகரவில்லை. பேச்சி மதினி வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க எழுத?" என்று கேட்டேன்.

"எனக்கு மேல எழுது," என்றார் அண்ணாச்சி. "ஒன்ன எறக்கிட்டுத்தான் நான் எறங்குவேன்."